உஷார்! அந்த நூறு சதவீதத்துக்குள் உங்கள் பிள்ளை உண்டா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே ஊர் முழுக்க இன்ஜினீயரிங் கல்லூரிகளின் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். பைபாஸ் மேம்பாலத்தில், டவுன் பஸ்ஸின் முதுகில், நாளிதழின் முதல் பக்கத்தையே மூடிக்கொண்டு, செல்போனைத் திறந்தால் ரீல்ஸுக்கு நடுவில் என்று எங்கும் அதே வாசகங்கள்: ‘100% பிளேஸ்மென்ட்’, ‘சராசரி சம்பளம் 7 லட்சம்’, ‘அதிகபட்ச பேக்கேஜ் 43 லட்சம்’. கூடவே கோட்டு போட்ட நாலு பிள்ளைகளின் சிரித்த முகம். கட்-ஆஃப் சுமாராக வந்த வீட்டில் அந்த நேரத்தில் என்ன பதற்றம் இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். அது தெரிந்துதான் போன் மேல் போன் வருகிறது. “இன்னிக்கே அட்வான்ஸ் கட்டிட்டீங்கன்னா ஹாஸ்டல் ஃபீஸ்ல கன்செஷன் வாங்கித் தர்றேன் சார்.”

கட்டாதீர்கள். கட்டுவதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

அந்த ஃபிளெக்ஸில் இருப்பதெல்லாம் பொய் என்று சொல்ல வரவில்லை. பொய்யாக இருந்தால் ஒருவிதத்தில் நிம்மதி, என்றைக்காவது மாட்டிக்கொள்வார்கள். அந்த மூன்று எண்ணும் உண்மையாகவே இருக்கலாம், ஆவணம் காட்டி நிரூபிக்கவும் செய்யலாம், அப்படியும் உங்கள் பிள்ளைக்கு வேலை கிடைக்காமல் போகலாம். பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

எப்படி என்று பார்க்க, ஒரு கல்விக் கண்காட்சி ஸ்டாலுக்குப் போவோம். ஏ.சி. அரங்கு, பளபள புரோஷர், துணிப் பை, ஒரு பேனா இலவசம். எதிரே டை கட்டிய இளைஞர். அப்பா கேட்கிறார்: “போன வருஷம் மொத்தம் எத்தனை பேருக்குத் தம்பி வேலை கெடச்சுது?”

“ஹண்ட்ரட் பர்சென்ட் சார். எலிஜிபிள் ஸ்டூடன்ட்ஸ் எல்லாருக்கும் கெடச்சிடுச்சு.”

நூறு என்ற சொல்லில் மனது குளிர்ந்துபோன அப்பா அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். போகக்கூடாது. அந்த ‘எலிஜிபிள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

கணக்குக்காக ஒரு கல்லூரியைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு வருடத்துக்கு முன் முதலாண்டில் 600 பேர் சேர்ந்தார்கள். அதில் 60 பேர் நடுவில் நின்றுவிட்டார்கள், அல்லது ஒரு வருடம் பின்தங்கிவிட்டார்கள். இறுதியாண்டில் மிச்சம் 540. கம்பெனிகள் வருவதற்கு முன் பிளேஸ்மென்ட் செல் ஒரு பட்டியல் தயாரிக்கிறது. அரியர் நிலுவையில் இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. 170 பேர் வெளியே. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இன்ஜினீயரிங் மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும் என்று நிபந்தனை. இன்னும் 70 பேர் வெளியே. மேற்படிப்புக்குப் போகிறேன், அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் 80 பேர். (சில இடங்களில் அந்தத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவதும் உண்டு என்று மாணவர்கள் சொல்லிக்கொள்வார்கள்.) கடைசியில் பட்டியலில் நிற்பவர்கள் 220 பேர். அந்த 220 பேருக்கும் ஏதோ ஒரு கம்பெனி ஆஃபர் கொடுத்துவிட்டது.

220-க்கு 220. நூறு சதவீதம். எந்த நீதிமன்றத்திலும் நிற்கும்.

ஆனால் நீங்கள் பணம் கட்டப்போவது அந்த 220 பேரின் வரிசையில் நிற்பதற்கு இல்லை. 600 பேரில் ஒருவராகச் சேர்வதற்கு. 600-க்கு 220 என்றால் 37 சதவீதம்கூட வராது. மேலே இருக்கும் எண் மாறவே இல்லை. கீழே வகுக்கும் எண்ணைத்தான் சத்தமில்லாமல் சுருக்கினார்கள். எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது ‘எத்தனை பேரில்?’ அடுத்தது ‘அந்த எத்தனை பேரை யார், எப்படிப் பொறுக்கினார்கள்?’ புள்ளியியல் புத்தகத்தின் பாதி இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

இதிலேயே இன்னொரு சில்லறை வேலையும் நடக்கும். நன்றாகப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு மூன்று கம்பெனி ஆஃபர் கொடுத்திருக்கும். போகப்போவது ஒன்றுக்குத்தான். ஃபிளெக்ஸில் அது மூன்றாக ஏறும். ‘340 ஆஃபர்கள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், 340 பேருக்கு வேலை என்று நாமாகவே படித்துக்கொள்கிறோம். அவர்கள் அப்படிச் சொல்லவே இல்லை. ஆஃபர் லெட்டர் வந்தும் ஜாயினிங் தேதி வராமல் மாதக்கணக்கில் மெயில் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள்.

அடுத்து சராசரி. இதில் ஏமாறுகிறவர்களில் வங்கி மேனேஜர்களும் கணக்கு வாத்தியார்களும் உண்டு. பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேருக்கு வருடம் 3 லட்சம். ஒரே ஒரு பையன் கில்லாடி. ஏழாவது படிக்கும்போதே கோடிங் கற்றவன். அமெரிக்க கம்பெனி ஒன்று 43 லட்சத்துக்குக் கொத்திக்கொண்டு போய்விட்டது. மொத்தம் 27-உம் 43-உம் 70 லட்சம். பத்தால் வகுத்தால் சராசரி 7 லட்சம். இந்தப் பத்துப் பேரில் 7 லட்சம் வாங்குகிறவர் யார்? ஒருவரும் இல்லை. அதன் பக்கத்தில்கூட யாரும் இல்லை. ஆனால் ‘சராசரி சம்பளம் 7 லட்சம்’ என்பதில் ஒரு ரூபாய்கூடப் பொய் கிடையாது.

இதற்கு மாற்று மருந்து ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. எல்லோருடைய சம்பளத்தையும் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசையாக எழுதி, சரியாக நடுவில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று பார்ப்பது. இடைநிலை அளவு. நமது பத்துப் பேரில் அது 3 லட்சம். 43 லட்சப் பையனுக்கு நாளைக்கே 4 கோடி கொடுத்தாலும் சராசரி எகிறும். நடுவில் நிற்பவரின் 3 லட்சம் அசையாது. சம்பளம், வீட்டு வாடகை, நில விலை என்று சிலரிடம் மட்டும் குவிகிற எந்த விஷயத்திலும் சராசரியை மட்டும் சொல்கிறவரைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது நல்லது.

நடுவில் நிற்பவரைக் கேட்டாலும் விழிப்பாக இருக்க வேண்டும். யாருடைய நடுவில்? நமது கற்பனைக் கல்லூரியில் வேலை கிடைத்த 220 பேரின் நடுவில் இருப்பவர் 3 லட்சம் வாங்கலாம். வேலைக்குப் போக மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த 80 பேரைக் கழித்துவிடுங்கள். மீதி 520 பேரையும் வரிசையில் நிறுத்தினால், வேலை கிடைக்காத 300 பேர் முன்னால் நிற்பார்கள். வரிசையின் நடுவில் இருப்பவர் அந்த 300-க்குள்தான் வருவார். அவருடைய கேம்பஸ் சம்பளம் பூஜ்யம்.

இந்த நடு எண்ணைக் கல்லூரியிடம் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகி வருகிறது. எல்லோரும் அதில் ‘ரேங்க் எத்தனை’ என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ரேங்க்கை விடுங்கள். தரவரிசைக்காகக் கல்லூரிகள் கொடுக்கும் விவரப் பட்டியல் தனியாக இருக்கிறது. பங்கேற்கும் கல்லூரிகள் அதைத் தங்கள் இணையதளத்திலும் வைத்திருக்கும், பெரும்பாலும் ஒரு மூலையில். அதில் நான்கு வருடப் படிப்புக்கென்று ஒரு அட்டவணை உண்டு. முதலாண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை, நேரடியாக இரண்டாமாண்டில் சேர்ந்தவர்கள் எத்தனை, குறித்த காலத்தில் பட்டம் முடித்தவர்கள் எத்தனை, வேலை பெற்றவர்கள் எத்தனை, வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன, மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை. மூன்று பேட்ச்சுக்கான விவரம் வரிசையாக இருக்கும்.

பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை பெற்றவர்களை, பட்டம் முடித்தவர்களால் வகுக்காதீர்கள். முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் சேர்ந்தவர்களின் கூட்டுத் தொகையால் வகுங்கள். வரும் எண்ணை ஃபிளெக்ஸில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். மேற்படிப்புக்குப் போனவர்களைத் தனியாகக் கழித்தும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அவர்களை வேலையில்லாதவர்கள் என்று எண்ணுவது நியாயமாகாது. இதுவும் கல்லூரிகளே தரும் விவரம்தான் என்பதை மறக்க வேண்டாம். ஆனாலும் அரசுக்கு எழுதிக் கொடுக்கும் எண்ணுக்கும் மேம்பாலத்தில் மாட்டும் எண்ணுக்கும் உள்ள தூரம் சில நேரம் வாய்பிளக்க வைக்கும். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால், பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். அரியர் வைத்துத்தானே பாதிப் பேர் அந்த ‘எலிஜிபிள்’ பட்டியலிலிருந்து வெளியே போகிறார்கள்.

கல்லூரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோச்சிங் சென்டர்கள் இதில் பல படி மேலே போய்விட்டன.

டெல்லியில் நடந்தது இது. 2022-ஆம் ஆண்டுக்கான சிவில் சர்வீஸ் தேர்வில் நாடு முழுவதும் தேர்வானவர்கள் 933 பேர். ஒரு பயிற்சி நிறுவனம், அதில் 682 பேர் எங்கள் மாணவர்கள் என்று விளம்பரம் செய்தது. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு! எந்தப் பெற்றோருக்குத்தான் கை பரபரக்காது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பைலைப் பிரித்துப் பார்த்தது. அந்த 682 பேரில் 674 பேர் அங்கே எடுத்துக்கொண்டது மாதிரி நேர்காணல் பயிற்சி மட்டும். அதுவும் இலவசம். முதல்நிலைத் தேர்வையும் முதன்மைத் தேர்வையும் வேறெங்கோ படித்தோ, வீட்டில் உட்கார்ந்து படித்தோ தாண்டிவிட்டு, கடைசிப் படியில் ஒருநாள் வந்துவிட்டுப் போனவர்கள். மற்ற படிப்புகளில் சேர்ந்து உதவி பெற்றவர்கள் 8 பேர். ஆணையம் 5 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஆள் பிடிக்கும் இடம். நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய இரண்டு மூன்று பேருக்கு ஒருவர் தேர்வாகிவிடுவார். எழுதிய லட்சக்கணக்கானவர்களில் வடிகட்டி நிற்கும் அந்த ஆயிரக்கணக்கானவர்களை இலவசமாகக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டால், நீங்கள் ஒன்றுமே சொல்லிக்கொடுக்க வேண்டாம். வெற்றி விகிதம் தானாக வந்து விழும். நீட் பயிற்சி மையங்கள் நடத்தும் ‘ஸ்காலர்ஷிப் டெஸ்ட்’டும் இதே வழிதான். மாவட்டத்தில் முதல் வரிசைப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, ஃபீஸ் வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டு தனி செக்‌ஷன் போடுகிறார்கள். அவர்கள் ஜெயிக்கிறார்கள். அந்த போட்டோவைப் பார்த்து முழு ஃபீஸ் கட்டிச் சேரும் உங்கள் பிள்ளை வேறொரு செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும். பாடம் எடுப்பவரும் வேறாக இருப்பார்.

தோற்றவர்களுக்கு போட்டோ கிடையாது. ஐந்நூறு பேர் எழுதி ஐந்து பேர் ஜெயித்தாலும் ஃபிளெக்ஸில் ஐந்து முகம். ஐம்பது பேர் எழுதி ஐந்து பேர் ஜெயித்தாலும் அதே ஐந்து முகம். பார்க்கிற நமக்கு வித்தியாசமே தெரியாது. பத்தாம் வகுப்பில் ‘தொடர்ந்து 15 ஆண்டுகளாக 100% தேர்ச்சி’ என்று போடும் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முடிவில் எத்தனை பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள் என்று அந்தத் தெருவில் விசாரித்துப் பாருங்கள். “பையனுக்கு மேத்ஸ் வரலீங்க, வேற ஸ்கூல் பாருங்களேன்” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அன்பாகச் சொல்லியிருப்பார்.

பயிற்சி மையங்களின் விளம்பரத்துக்கு 2024 நவம்பரில் அந்த நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. ஜெயித்தவர் போட்டோவைப் போட்டால் பெயர், ரேங்க், அவர் எந்தப் படிப்பில் சேர்ந்தார், அது பணம் கட்டிய படிப்பா என்பதையும் அங்கேயே சொல்ல வேண்டும். மாணவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும், அதையும் அவர் ஜெயித்த பிறகே வாங்க வேண்டும். நடைமுறையில் அந்த விவரம் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் அளவுக்கு இருந்தால், விளம்பரத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

சரி, பிள்ளைக்கு இடம் பார்க்கும் வேலை நமக்கு முடிந்துவிட்டது என்பவர்களும் உஷாராக இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ‘சர்வே சொல்கிறது’ என்று ஆரம்பிக்கும் எதுவும்.

எல்லோரையும் கேட்க முடியாது. அதனால் கொஞ்சம் பேரைக் கேட்கிறோம். இதில் தப்பே இல்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்மவர்கள் சொல்லிவைத்ததும் இதைத்தான். ஆனால் கல்யாண வீட்டு அண்டாவில் பதம் பார்க்கும் சமையல்காரர் மேலாக இருக்கும் பருக்கையை எடுப்பதில்லை. அடிவரை துடுப்பை விட்டுப் புரட்டிவிட்டு, அதற்கப்புறம் எடுக்கிறார். அந்தப் புரட்டல் நடக்கவில்லை என்றால் ஒரு சோறு என்ன, ஒரு கரண்டி சோறும் பொய் சொல்லும்.

ஒரு கரண்டி என்றது சும்மா இல்லை. 1936-இல் அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற பத்திரிகை ஒரு அண்டாவையே கவிழ்த்தது. ஜனாதிபதி தேர்தலில் ரூஸ்வெல்ட்டா, லாண்டனா என்று கேட்டு ஏறத்தாழ 1 கோடிப் பேருக்கு அட்டை அனுப்பினார்கள். 20 லட்சத்துக்கும் மேல் பதில் வந்தது. இன்றைக்குக்கூட எந்த டி.வி. சேனலும் கனவு காண முடியாத எண்ணிக்கை. லாண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். அதற்கு முந்தைய ஐந்து தேர்தல்களில் அவர்கள் சொன்னது பலித்திருந்ததால் ஊரே நம்பியது. ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 சதவீத வாக்குடன், 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார்.

அட்டை யாருக்குப் போனது என்று பாருங்கள். டெலிபோன் டைரக்டரியில் இருந்தவர்கள், கார் வைத்திருந்தவர்கள், பத்திரிகையின் சந்தாதாரர்கள். பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்றவர்களின் வீட்டில் டெலிபோன் ஏது, கார் ஏது? அவர்கள்தான் ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். போதாக்குறைக்கு, அட்டை போனவர்களில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் பதில் வந்தது. ரூஸ்வெல்ட் ஆட்சி மேல் கோபமாக இருப்பவர்கள் மறக்காமல் அனுப்புவார்கள்; திருப்தியாக இருப்பவர்கள் அட்டையை அலமாரி மேல் வைத்து மறந்துபோவார்கள். அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் 50,000 பேர் அளவில் கேட்டு, ரூஸ்வெல்ட்தான் என்று சரியாகச் சொன்னார். 1938-இல் அந்தப் பத்திரிகையே நின்றுபோயிற்று.

யூடியூப் சேனல்கள் நடத்தும் ‘உங்கள் ஓட்டு யாருக்கு’ கருத்துக்கணிப்பை இனி ஒருமுறை யோசித்துப் பாருங்கள். ‘2 லட்சம் பேர் வாக்களித்தனர்’ என்று பெருமையாகப் போடுகிறார்கள். அந்த சேனலைப் பார்ப்பவர்கள், அதில் கோபமோ குஷியோ உள்ளவர்கள், கட்சி ஐ.டி. விங் குரூப்பில் லிங்க் வந்ததும் பாய்ந்து அமுக்கியவர்கள். இருபது லட்சம் பேர் அமுக்கினாலும் இது 1936-இன் அட்டைதான். ரங்கநாதன் தெருவில் சாயங்காலம் நாலு மணிக்கு மைக்கை நீட்டும் ‘மக்கள் கருத்து’ம் அப்படியே. நாலு மணிக்கு ஆபீஸில் இருப்பவர், வயலில் இருப்பவர், தி.நகருக்கே வராதவர், மைக்கைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறவர் யாரும் அதில் கிடையாது. கூகுளில் ஹோட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் விழும் ஸ்டார்களில் பெரும்பகுதி, ரொம்பப் பிடித்தவர்களும் ரொம்பக் கடுப்பானவர்களும் போட்டவை.

ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதை உலகத்துக்கே நம் நாடு சொல்லிக்கொடுத்திருக்கிறது. 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலநோபிஸ், வங்காளத்தின் சணல் விளைச்சலை ஒவ்வொரு வயலாக அளக்காமல், குலுக்கல் முறையில் எடுத்த வயல்களை மட்டும் அளந்து கணித்துக் காட்டினார். அந்த அனுபவத்தில் 1950-இல் பிறந்தது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. அதில் வீட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கேள்வி கேட்க வருபவருக்கு இல்லை. முதலில் கிராமத்தை எண் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். பிறகு அந்தக் கிராமத்தின் வீடுகளை வரிசையாகப் பட்டியல் போட்டு, அதிலிருந்து குலுக்கலில் வந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். ரோட்டோரத்து வீட்டில் மோர் தருகிறார்கள், அங்கேயே கேட்டுக்கொள்கிறேன் என்பது நடக்காது. கடைசித் தெருவின் கடைசிக் குடிசைக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். குலுக்கலின் வேலையே அதுதான்.

அப்படிக் குலுக்கி எடுத்தால் 1,000 பேரே போதும் என்பது பலருக்கு நம்ப முடியாத விஷயம். எட்டுக் கோடிப் பேர் உள்ள தமிழ்நாட்டில் சரியாகக் குலுக்கி எடுத்த 1,000 பேரைக் கேட்டால், வரும் விடை பெரும்பாலும் நிஜத்திலிருந்து 3 சதவீதப் புள்ளிகள் முன்னே பின்னே இருக்கும். அந்த 3-ஐ ஒன்றரையாகக் குறைக்க வேண்டுமானால் 2,000 போதாது. 4,000 பேர் வேண்டும். இதுவரை நல்ல செய்தி. ஆபத்து அந்த 1,000-ஐக் கூறு போடும்போது வருகிறது. ‘மாவட்டவாரியாக யாருக்கு முன்னிலை?’ என்று வரைபடத்துக்குக் கலர் அடிப்பார்கள். 1,000 பேரை 38 மாவட்டத்துக்குப் பங்கு வைத்தால் ஒன்றுக்கு 26 பேர். 26 பேரைக் கேட்டுச் சொல்லும் விடை 20 புள்ளிகள்வரை முன்பின் போகும். ‘இந்த மாவட்டத்தில் 45-க்கு 38’ என்று சொன்னால் அது கணிப்பே இல்லை. 234 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு நாலு பேர். டீக்கடையில் உட்கார்ந்தால் அதைவிட அதிகம் பேர் கிடைப்பார்கள்.

2016 சட்டமன்றத் தேர்தலில் இதை நாமே பார்த்தோம். வாக்குப்பதிவு முடிந்த மாலை வெளியான கணிப்புகளில் பெரும்பாலானவை தி.மு.க. ஆட்சி என்றன, சி-வோட்டர் நிறுவனம் மாறாக அ.தி.மு.க.வுக்கு 139 இடங்கள் என்றது. எண்ணி முடித்தபோது அ.தி.மு.க. 134, தி.மு.க. 89. இரண்டு தரப்புக்கும் இடையே வாக்கு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். 3 புள்ளி முன்பின் ஆகக்கூடிய அளவுகோலை வைத்துக்கொண்டு ஒரு புள்ளி இடைவெளியை அளந்து, அதைத் தொகுதிகளாக வேறு மாற்றிச் சொன்னார்கள். 2024 மக்களவைத் தேர்தலிலும் பெரும்பாலான கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, வந்தது 293. இந்த முறை எல்லா நிறுவனமும் ஏறக்குறைய ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. பத்து சேனல் ஒரே எண்ணைச் சொன்னால் உறுதி பத்து மடங்காகிவிடாது. பத்தும் ஒரே வகை ஆட்களைக் கேட்டிருந்தால் பத்தும் சேர்ந்தே தவறும்.

குலுக்கல் சரியாக நடந்த பெரிய கணக்கெடுப்பையும் தலைப்பு எழுதுகிறவர்கள் கெடுத்துவிட முடியும். 2021 நவம்பரில் ‘இந்தியாவில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம்’ என்று நாடு முழுக்கச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று. 1,000 ஆண்களுக்கு 1,020 பெண்கள். பத்து வருடத்துக்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 943. ஆறு லட்சத்துக்கும் அதிகமான வீடுகளில் எடுத்த, உலகமே மதிக்கும் கணக்கெடுப்பு. எண்ணும் சரி. ஆனால் அதில் எண்ணப்பட்டவர்கள் யார்? முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கியவர்கள். திருப்பூருக்கும் சூரத்துக்கும் வேலைக்குப் போய் கம்பெனி ஷெட்டிலும் கட்டுமான இடத்துத் தகரக் கொட்டகையிலும் படுத்திருந்த ஆண்கள் பிகாரிலோ ஒடிசாவிலோ உள்ள தங்கள் வீட்டுக் கணக்கில் வரவில்லை. ராணுவ முகாம், ஹாஸ்டல், சிறை போன்ற இடங்களுக்கு இந்தக் கணக்கெடுப்பு போவதே இல்லை. அங்கெல்லாம் இருப்பவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். வீட்டில் யார் இருந்தார்கள் என்று கேட்டதற்கு வந்த விடையை, நாட்டில் யார் இருக்கிறார்கள் என்பதற்கான விடையாக அச்சடித்துவிட்டார்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருந்தது. கணக்கெடுப்புக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளில் 1,000 ஆணுக்குப் பெண் 929. வேலைக்கு வெளியூர் போகும் வயது அந்தக் குழந்தைகளுக்கு இல்லை என்பதால் இந்த எண்ணில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. கருவிலேயே பெண் குழந்தை அழிக்கப்படுகிறதா என்று அறிய மருத்துவர்களும் சமூக ஆர்வலர்களும் பார்ப்பது இதைத்தான். 1,020-ஐப் போட்ட பல செய்திகளில் இது கடைசிப் பத்தியில் இருந்தது. சிலவற்றில் இல்லவே இல்லை.

ஆகவே ‘சர்வே’ என்று ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தால், ஃபார்வர்டு பட்டனுக்கு விரல் போகும் முன் இவ்வளவையும் தேடுங்கள்: எத்தனை பேரைக் கேட்டார்கள், அவர்களைப் பிடித்தது குலுக்கலிலா வசதிக்கா, என்றைக்குக் கேட்டார்கள், கேள்வியின் வாசகம் என்ன, எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், செலவு யாருடையது. இதை நடத்தியவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தால் அறிக்கையின் முதல் இரண்டு பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். அது எங்கும் இல்லையென்றால் அனுப்பியவரிடமே கேளுங்கள். “எனக்கும் ஒருத்தர் அனுப்பினதுதான் சார்” என்று பதில் வந்தால் அங்கேயே அழித்துவிடலாம்.